கேளாது விட்ட கேள்வி

நோயைச் சொல்வதற்கென்று நாஞ்சில் நாட்டில் தனிச் சொற்கள் உண்டு. தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளில் ஒருவர் “மேலுக்குச் சுகமில்லை” என்றால் உடம்பு சரியில்லை என்பது பொருள். ‘மேல்’ என்றால் இங்கே உடம்பு. வெளியூர்க்காரர் காதிலோ அதே சொல் ‘மேலோட்டமாக’, ‘ஒப்புக்கு’ என்று விழும். மேற்கே கல்குளம், விளவங்கோடு என்று செல்லச் செல்ல மலையாளம் கலக்கும். அங்கே சில வீடுகளில் ‘பனி’ என்றால் காய்ச்சல். ‘இளைப்பு’ என்று ஒருவர் சொன்னால் மூச்சு வாங்குகிறது என்றும் கொள்ளலாம், உடல் மெலிந்துவிட்டது என்றும் கொள்ளலாம். அவரையே மீண்டும் கேட்டாலன்றித் தெளியாது. ‘வாயு’ என்பதோ இன்னும் பொல்லாத சொல். வயிற்றுப் பொருமலும் வாயு, இடுப்புப் பிடிப்பும் வாயு, நெஞ்சை அடைக்கும் வலியும் வாயு.

நம் வீட்டுப் பெண்களின் பேச்சில் இன்னொரு திரையும் உண்டு. மாதவிலக்கை அவர்கள் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. “தொழுகை இல்லை” என்பார்கள். கடைசியாக எப்போது என்று மருத்துவர் கேட்கும்போது, “தொழுகை விட்டு இருபது நாளாச்சு” என்று ஒரு பெண் தலைகுனிந்து பதில் சொன்னால், இவ்வழக்கை அறியாத இளம் மருத்துவர் அதனை ஏதோ பக்திக் குறைவு பற்றிய வருத்தமாக எடுத்துக்கொள்ளவும் கூடும்.

இத்தகைய மண்ணில்தான் 2001-ஆம் ஆண்டு நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. குலசேகரத்தில் தனியார் கல்லூரி ஒன்றும் நடைபெறுகிறது. அரசுக் கல்லூரி இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அகில இந்திய ஒதுக்கீடு ஆதலால், தமிழே அறியாத மாணாக்கரும் இங்கு வருகின்றனர். தமிழ் அறிந்தவர்களும் உடலின் ஒவ்வோர் உறுப்பையும் ஆங்கிலத்தில்தான் கற்கின்றனர். எலும்பின் பெயரையும் மருந்தின் அளவையும் நூலிலிருந்து கற்றுவிடலாம். கட்டிலில் கிடப்பவரிடம் பேசுவதை அவர்கள் எங்கே கற்கின்றனர்?

இவ்வினா நமக்கு நூலறிவால் எழுந்ததன்று. பல ஆண்டுகளுக்கு முன் நம் சாச்சியை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அதன் பெயர் ஈண்டு வேண்டாம். இளம் மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் பின்னால் இரண்டு மூன்று மாணவர்கள் நின்றனர். வெளியே வரிசை நீண்டு கிடந்தது. அவர் நம்மைப் பார்த்து, “அம்மாவுக்கு என்ன?” என்றார். சாச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாய் திறப்பதற்குள், “வாயுத் தொந்தரவுதான் டாக்டர்” என்று நாம் சொல்லிவிட்டோம். அவர் எழுதிக் கொடுத்தார். நன்றி கூறி வந்துவிட்டோம். திரும்பும் வழியில் பஸ்ஸில் சாச்சி, “மக்கா, அந்த டாக்டரு என்னெக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், வலி இந்தக் கைக்கும் எறங்குது” என்று இடது கையைத் தடவிக் காட்டினார். மாத்திரை சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றோம். மூன்றாம் நாள் ஸுபுஹுக்கு முன் அவர் மௌத்தாகிவிட்டார்.

அந்த இளைஞரைக் குறைகூற நமக்கு வாய் இல்லை. நோயாளியின் வாயை அடைத்தவர்கள் நாம். ஆயினும் யாரைக் கேட்பது, எதைக் கேட்பது, எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்று அவருக்கு எவரேனும் கற்பித்திருந்தார்களா என்னும் எண்ணம் அன்று தொடங்கி நம்மை விடவில்லை. அதன்பின் கையில் கிடைத்த அரபு நூற்களிலும் தமிழ் நூற்களிலும் இதையே தேடி வந்திருக்கிறோம்.

மதரஸாவில் ஓதிய நாட்களில் ராஸீ என்றால் திருமறைக்குப் பெரும் விரிவுரை கண்ட இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ ஒருவரைத்தான் நமக்குத் தெரியும். அவருக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், அதே ரய் நகரில் பிறந்த இன்னொரு ராஸீ இருந்தார். அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ என்பது அவர் பெயர். 865-இல் பிறந்து 925-இல் மறைந்தார் என்பர். ரய்யிலும் பின்னர் பக்தாதிலும் பீமாரிஸ்தான் எனப்பட்ட மருத்துவமனைகளுக்குத் தலைமை ஏற்றவர். அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளை அவர் மறைவுக்குப்பின் திரட்டியதே ‘அல்-ஹாவீ’ என்னும் பெருநூல்.

அந்நூலில் தம்மிடம் வந்த நோயாளிகள் சிலரைப் பற்றி அவர் எழுதி வைத்துள்ளார். அவர்களுள் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவர் ஒருவர். இவருக்கு முறைதவறிய காய்ச்சல். ஒரு சமயம் தினந்தோறும் வரும். ஒரு சமயம் ஒன்றுவிட்ட நாள் வரும். சில போது ஆறு நாளுக்கு ஒருமுறை. சிறுநீரும் அடிக்கடி பிரிந்தது. இது நான்காம் முறைக் காய்ச்சலாக மாறும், அன்றேல் சிறுநீரகத்தில் புண் இருக்கும் என்று ராஸீ இரண்டு வழியாகச் சொல்லி வைத்தார். சில நாளில் சிறுநீரில் சீழ் கண்டது; சிறுநீரகப் புண்ணே என்பது தெளிவாயிற்று. மருத்துவம் பலித்து நோயாளி குணமும் பெற்றார். வேறொருவராயின் இத்துடன் நிறுத்தித் தம் வெற்றியைப் பாடியிருப்பார். ராஸீயோ தாம் முதலிலேயே துணிந்து சொல்லத் தவறியது ஏன் என்று ஆராய்கிறார். எழுந்து நிற்கும்போது இடுப்பிலிருந்து ஒரு பாரம் தொங்குவதுபோல் இருக்கிறது என்று நோயாளி தம்மிடம் முறையிடவில்லை என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு, அதைத் தாமும் கேளாது விட்டுவிட்டதாக எழுதுகிறார்.

அல்-ஹாவீயின் மருந்துகள் பல இன்று வழக்கொழிந்தன. அந்த ஒப்புதல் பழையதாகவில்லை. நோயாளி சொல்லவில்லை என்பதோடு அவர் நின்றிருந்தால் அது ஒரு சாக்கு. கேட்க வேண்டியவன் நான் என்று சேர்த்தமையால் அது மாணவர்க்குப் பாடமாயிற்று. சாச்சி நமக்குச் சொன்னதும் அதுவே என்பதை முதன்முதலில் இதனைப் படித்த இரவில் உணர்ந்தோம்.

அவர் மாணவர்க்கு எவ்வாறு கற்பித்தார் என்பதற்கும் சான்று இருக்கிறது. பக்தாதின் நூல் வணிகர் இப்னு நதீம், ஹிஜ்ரி 377-இல் தொகுத்த ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலில், ரய் நகரத்துப் பெரியவர் ஒருவர் கூறியதாக ராஸீயின் மஜ்லிஸை வருணிக்கிறார். ராஸீ அமர்ந்திருப்பார். அவருக்குக் கீழே அவர் மாணாக்கர். அவர்களுக்குக் கீழே அவர்களுடைய மாணாக்கர். அதற்கும் கீழே இன்னொரு வரிசை. நோயாளி வந்ததும் தம் குறையை முதலில் எதிர்ப்படுவோரிடம் சொல்வார். அவர்களுக்குத் தெரிந்தால் ஆயிற்று. இல்லையெனில் அடுத்த வரிசை. அவர்களும் தவறினால் ராஸீ பேசுவார்.

இதில் உள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நோயாளியை முதலில் சந்திப்பவன் மிக இளைய மாணவன். தன் வாயால் கேட்டு, தன் காதால் வாங்கி, ஆசிரியர் முன்னிலையில் தவறி, அடுத்தவன் எந்தக் கேள்வியால் வென்றான் என்பதைப் பக்கத்திலிருந்தே காண்கிறான். நோயாளிக்கோ ஒரே கதையை மூன்று முறை சொல்லும் சிரமம் உண்டு. இன்றும் கற்பிக்கும் மருத்துவமனைகளில் அச்சிரமம் உண்டு. பிற்காலத்தில், 1154-இல் நூருத்தீன் ஸங்கீ டமாஸ்கஸில் நிறுவிய மருத்துவமனையிலும் தலைமை மருத்துவர் முதலில் கட்டில் கட்டிலாகச் சென்று நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பின்னரே கூடத்தில் அமர்ந்து மாணவரோடு நூலாராய்ச்சி செய்தார் என்று இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். முதலில் கட்டில், பிறகு கிதாபு.

இதற்கென்றே தனி நூலும் பிறந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ எழுதிய ‘அதபுத் தபீப்’ அது. அரபு மொழியில் அதப் என்பது ஒழுக்கத்துக்கும் பெயர், இலக்கியத்துக்கும் பெயர். பேசத் தெரிந்தவனே பண்புடையவன் என்று அம்மொழியினர் கருதினர் போலும். இருபது அதிகாரங்களுள்ள அந்நூலில், மருத்துவன் நோயாளியிடமும் அவருக்குப் பணிவிடை செய்வோரிடமும் எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதற்கு ஓர் அதிகாரம். நலம் விசாரிக்க வருவோர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இன்னோர் அதிகாரம். நோயாளியையும் கேள், உடனிருப்பவரையும் கேள் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்ன நூலாசிரியர், உடனிருப்பவர் நோயாளிக்கு முன் முந்திக்கொண்டு பேசுவதைக் கண்டவராகவே இருக்க வேண்டும்.

நிற்க. பக்தாதில் மருத்துவனும் நோயாளியும் ஒரே அரபியில் பேசிக்கொண்டனர். இருவருக்கும் வெவ்வேறு மொழியானால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டமே ஒரு வரலாறு வைத்திருக்கிறது.

1838-ஆம் ஆண்டு, இப்பகுதி திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தபோது, லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் இடைவெளி விழுந்தது. அடுத்து வந்த டாக்டர் லீட்ச் 1854-இல் முட்டம் கடலில் மூழ்கி இறந்தார். 1861-இல் வந்த டாக்டர் ஜான் லோ, தாம் ஒருவராக எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று கண்டு, இவ்வூர் இளைஞர்களைத் திரட்டி மருத்துவ வகுப்பு ஒன்றை ஏற்படுத்தினார். அவ்வகுப்பில் பயின்றவர்கள் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பப்பட்டனர். பனையேறுவோர், வலைவீசுவோர், வயலில் நாற்று நடுவோர் ஆகிய மக்கள் இனி ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை. தம் பேச்சையே பேசும் ஒருவரிடம் “மேலுக்கு முடியவில்லை” என்று சொல்லலாம். மிஷனரிகளின் நோக்கத்தில் சமயப் பரப்பும் இருந்தது. அதை அவர்களே மறைத்ததில்லை. ஆனால் நோயாளியின் மொழியை அறிந்த மருத்துவனை இம்மண்ணிலேயே உருவாக்குவது என்ற வழி அவ்வகுப்பில் திறந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பின்னாளில், 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் சிகரம் ஏறச் சென்ற டாக்டர் சாமர்வெல், நெய்யூரின் நோயாளிக் கூட்டத்தைக் கண்டு லண்டன் வாழ்வை உதறி இங்கேயே தங்கினார். 1949-க்குப் பின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாணவர்க்குக் கற்பித்தார்.

நெய்யூரில் மொழித் தடைக்கு விடை உள்ளூர் உதவியாளர் என்றால், அதே காலத்தில் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் வேறொரு விடை தோன்றியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-இல் அங்கு வந்தவர். மானிப்பாயில் இருந்துகொண்டு முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். கற்றவர்கள் என்ன செய்தனர்? ஆங்கிலம் வந்ததும் அரசு உத்தியோகம் தேடி வெளியூர் போயினர். கிராமத்து நோயாளி முன்போலவே கிடந்தார். 1864-இல் கிரீன் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கு நூல் வேண்டுமே! தம் மாணாக்கர் துணையோடு அவரே மொழிபெயர்ப்பில் இறங்கினார். ‘இரண வைத்தியம்’ 1867-இல் வந்தது. ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இல் வந்தது. பிள்ளைப்பேறு, இரசாயனம், உடலியக்கம் என்று நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழில் மருத்துவம் அச்சேறியது. கலைச்சொல் தேடும்போது முதலில் தமிழ், அதிற் கிடைக்காவிடில் வடமொழி, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் என்பது அவர் முறை.

கிரீனின் தொண்டை நாம் எவ்வளவு போற்றினாலும் தகும். எனினும் ஒரு குறை உண்டு. ‘சுகரணவாதம்’ என்ற சொல்லை எந்த யாழ்ப்பாணத்து நோயாளியும் தம் வாயால் சொல்லியிரார். நூலைத் தமிழாக்குவது ஒன்று. நோயாளியின் தமிழைக் கற்பது வேறொன்று. முன்னது மாணவனுக்கு அறிவு எளிதில் ஏற உதவும். பின்னதற்கு அவன் தன் பண்டிதத் தமிழையும் கழற்றி வைத்துவிட்டுத் திண்ணையில் அமர வேண்டும். இன்று மருத்துவ நூற்களைத் தமிழாக்கப் பாடுபடுவோர்க்கும் இதனைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறோம்.

பேசுவது கற்பிக்கத்தக்கதா, பிறவிக் குணமா என்ற விவாதம் மேலை நாடுகளில் நெடுங்காலம் நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஹோவர்டு பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் புதுமை ஒன்று செய்தார். உடல்நலமுள்ள ஒருவருக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி தந்து, மாணவர்களை அவரிடம் பேச விட்டார். வேடிக்கை என்று முதலில் சிரித்தவர்கள் உண்டு. இன்று உலகின் பல மருத்துவக் கல்லூரிகளில் அதுவே தேர்வு முறை. 1984-இல் பெக்மன், ஃபிராங்கெல் என்னும் இருவர் மருத்துவர்–நோயாளி சந்திப்புகள் 74-ஐ ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து வெளியிட்டனர். நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கிய பின் மருத்துவர் குறுக்கிட எடுத்துக்கொண்ட நேரம் சராசரி 18 வினாடி. நான்கில் ஒருவர்கூடத் தாம் சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்லி முடிக்கவில்லை. பதினெட்டு வினாடியில் நம்மூர்ப் பெரியம்மா ஒருவர் ஸலாம் கூறி நாற்காலியில் அமர்ந்து பெருமூச்சு விட்டிருப்பார், அவ்வளவே.

நம் நாட்டில் மருத்துவக் கல்வியின் பாடத்திட்டத்திலேயே இது இடம்பெற 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு சேர்ந்த மாணவர் முதற்கொண்டு, மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகிய மூன்றும் இணைந்த பாடம் எம்.பி.பி.எஸ். படிப்பில் ஆண்டுதோறும் வைக்கப்பட்டது. ஒரு நோயாளியின் கதையை நடுவில் வைத்துச் சிறு குழுவாக விவாதிப்பது, ஒருவர் மருத்துவராகவும் ஒருவர் நோயாளியாகவும் நடித்துப் பார்ப்பது, தீய செய்தியை எவ்வாறு சொல்வது எனப் பழகுவது என்பன அதன் வழிகள். படிப்பின் தொடக்கத்திலுள்ள அடிப்படைப் பயிற்சியில் வட்டார மொழி கற்கவும் நேரம் ஒதுக்கினர்.

நல்ல முயற்சி. ஆனால் வகுப்பறையில் நோயாளியாக நடிப்பவனும் ஒரு மாணவன். அவனுக்கு விடை தெரியும். “வலி இடது கைக்கு இறங்குகிறது” என்று கேட்டவுடன் சொல்லிவிடுவான். முக்காட்டுக்குள்ளிருந்து பேச அஞ்சும் ஒரு பெண்ணையும், அவருக்காக முந்திப் பேசும் மருமகனையோ மகனையோ அவன் நடித்துக் காட்டுவானா? நோன்பு மாதத்தில் நீரிழிவுக்காரர் ஒருவர் மாத்திரையை ஸஹரிலா இஃப்தாரிலா எப்போது உண்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. “நோன்பு வைக்கக் கூடாது” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அவர் நோன்பையும் வைப்பார், வைத்ததை மறைக்கவும் செய்வார். “நோன்பு வைப்பீர்களா, வைத்தால் மருந்தை எப்படி மாற்றிக்கொள்ளலாம்” என்று கேட்கும் மருத்துவரிடம்தான் அவர் உண்மையைச் சொல்வார். இத்தகைய கேள்விகள் தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் இடலாக்குடியிலும் உள்ள வீடுகளுக்குள் இருக்கின்றன, பாடநூலில் இல்லை.

அண்மைக் காலத்தில் இன்னொரு விதி சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மருத்துவ மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்தாற்போல் ஏற்று, படிப்புக் காலம் நெடுகிலும் அவ்வீடுகளுக்குச் சென்று நலம் அறிந்து வர வேண்டும் என்பது அது. ராஸீயின் மஜ்லிஸில் நோயாளி மாணவனைத் தேடி வந்தார். இங்கே மாணவர் நோயாளியின் வாசலுக்கு வருகிறார்.

அப்படி வந்த ஒரு மாணவி, வடமாவட்டத்துப் பிள்ளை, சென்ற ஆண்டு நம் வீட்டுக்கும் வந்தாள். கையில் ஒரு நோட்டு. கேட்ட சொற்களையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, எதிர்ப்பக்கத்தில் பொருளை எழுதி வைத்திருந்தாள். ‘மேல்’ இருந்தது, ‘பனி’ இருந்தது. ‘வாயு’ என்பதற்கு நேரே நான்கு பொருள் எழுதி, நான்காவதன் கீழ்ச் சிவப்புக் கோடு போட்டிருந்தாள். “உங்க வீட்டுப் பெரியவங்க எங்கிட்ட ஏதோ சொன்னாங்க, ஹஜ்ரத். எனக்குப் புரியல. திரும்பக் கேட்டா சிரிக்கிறாங்க” என்றாள். என்ன சொன்னார்கள் என்று வினவ, “தொழுகை” என்று தொடங்கித் தயங்கினாள். நமக்கு விளங்கியது. அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் நாம் நிரப்பக் கூடியது ஒன்றுமில்லை. பெண்களுக்குள் வழங்கும் இன்னும் பல சொற்களை நாமே அறிந்ததில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. விடை சொல்ல வாயெடுத்தவர்கள் நிறுத்திக்கொண்டு, அவளை உள்ளே போகச் சொன்னோம். அடுப்படியில் வெகுநேரம் பேச்சுக்குரல் கேட்டது. வெளியே வரும்போது நோட்டில் மூன்று பக்கங்கள் நிறைந்திருந்தன. அவற்றைப் படித்துக் காட்டும்படி நாம் கேட்கவில்லை.